முடி கொட்டினால் மூன்று மாதம் பின்னோக்கி எண்ணுங்கள்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளித்து முடித்ததும் வடிகாலில் சுருண்டு கிடக்கும் முடியைப் பார்த்துப் பதறாதவர்கள் குறைவு. அந்தப் பதற்றத்தில் முதலில் எண்ணெயை மாற்றுகிறோம். அடுத்த வாரம் ஷாம்பு மாறுகிறது. அதற்கடுத்த மாதம் யாரோ சொன்ன மாத்திரை வீட்டுக்கு வருகிறது. இந்த வரிசையே தப்பு. எந்த வகை உதிர்வு என்று தெரியாமல் வாங்குவது எதுவானாலும் குருட்டு வைத்தியம்தான். அதில் போகும் காசைவிட, போகும் மாதங்கள்தான் பெரிய நஷ்டம். சில வகை உதிர்வில் தாமதித்தால் போன முடி திரும்பாது.

முதலில் ஒரு கணக்கு. தலையில் சுமார் 1,00,000 மயிர்க்கால்கள் உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை முடியை வளர்க்கும், பிறகு 2-3 வாரத்தில் ஒடுங்கும், சுமார் 3 மாதம் ஓய்வில் இருக்கும். ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழுந்து, அதே இடத்தில் புதியது முளைக்கும். எந்த நேரத்திலும் பத்தில் ஒன்று ஓய்வில் இருப்பதால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. இரண்டு நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு இரண்டு நாள் முடியும் சேர்ந்து ஒரே குளியலில் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் விழுவது அன்றல்ல, 2-3 மாதம் கழித்து. அதனால்தான் தலைப்பில் சொன்ன கணக்கு: இன்று கொத்தாகக் கொட்டினால் நேற்று மாற்றிய ஷாம்புவைக் குற்றம் சொல்லாமல், மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று யோசியுங்கள். டெங்குவா, டைபாய்டா, அறுவை சிகிச்சையா, பிரசவமா, ஒரே மாதத்தில் எட்டு கிலோ குறைத்த பட்டினியா?

முதல் படி: வீட்டிலேயே அளந்து பாருங்கள்

வெளிர் நிறத் துண்டையோ தலையணை உறையையோ விரித்து, தலைக்குக் குளிப்பதற்கு முன், முடியை முன்பக்கமாகப் போட்டு, பின்னந்தலையிலிருந்து நெற்றி நோக்கி 60 வினாடி சீவுங்கள். விழுந்ததை எண்ணுங்கள். இதை அடுத்தடுத்த மூன்று தலைக்குளியலுக்கு முன் செய்து சராசரி எடுக்க வேண்டும். பத்தை ஒட்டி வந்தால் கவலை இல்லை. ஒவ்வொரு முறையும் அதைப்போல் பல மடங்கு வந்தால் உதிர்வு நிஜம்.

அடுத்து, விழுந்த முடியின் நுனியைப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு உருண்டை இருந்தால் அது ஓய்வு முடிந்து விழுந்த முடி. பலர் அதைப் பார்த்து 'வேரோடு வந்துவிட்டது, இனி முளைக்காது' என்று அழுகிறார்கள். அது வேரே அல்ல. வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. உருண்டையே இல்லாமல் குட்டை குட்டையாக இரண்டு பக்கமும் வெட்டியதுபோல் இருந்தால் முடி விழவில்லை, ஒடிகிறது. ஒடிவதற்கு வைத்தியம் வேறு. அதற்குப் பெரும்பாலும் மாத்திரை தேவையில்லை, தண்ணீரையும் சீப்பையும் கவனித்தால் போதும்.

மூன்றாவது, போட்டோ. நடுவகிடு, உச்சி, இரண்டு நெற்றிப்பொட்டு என நான்கு படம், மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், எண்ணெய் இல்லாத காய்ந்த தலையில். கண்ணாடியில் தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. ஆறு மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பொய் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: எந்த வகை என்று பிரியுங்கள்

தலை முழுக்கச் சமமாக, கைநிறைய, திடீரென்று கொட்டுகிறது, ஆனால் வழுக்கைத் திட்டு எதுவும் இல்லை என்றால் அது மேலே சொன்ன ஓய்வு உதிர்வு. பிரசவித்த பெண்களுக்கு இது மிகச் சாதாரணம். 'குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்' என்று பெரியவர்கள் சொல்வது முழுக்கச் சரியான கவனிப்பு. குழந்தை சிரிக்கத் தொடங்குவதும், கர்ப்பக் காலத்தில் விழாமல் தேங்கிய முடி விழத் தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே மாதங்களில்தான். சிரிப்புக்கும் உதிர்வுக்கும் தொடர்பில்லை, நாட்கணக்கு மட்டும் ஒத்துப்போகிறது. காரணம் விலகிவிட்டால் இந்த வகை உதிர்வு பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானே நிற்கும். அந்த ஆறு மாதத்தில் எந்த எண்ணெய் தடவினாலும் அந்த எண்ணெய்தான் நிறுத்தியது என்று தோன்றும். ஊரில் புகழ்பெற்ற பல தைலங்களின் புகழ் இப்படி வந்ததுதான்.

ஆறு மாதம் தாண்டியும் நிற்காமல் கொட்டினால் உள்ளே காரணம் தொடர்கிறது என்று பொருள். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, தொடர்ந்து எடுக்கும் ஏதாவது மருந்து ஆகியவற்றைத் தேட வேண்டும். வலிப்புக்கான வால்புரோயேட், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் போன்றவை முடியை உதிர்க்கும். சந்தேகம் வந்தால் எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். தானாக நிறுத்திவிடாதீர்கள். முடிக்காக வலிப்பு மாத்திரையை விடுவது உயிரோடு விளையாடுவது.

கொட்டுவது பெரிதாகத் தெரியாமலே முடி மெலிந்துகொண்டு போவது பரம்பரை வழுக்கை. ஆண்களுக்கு நெற்றிப்பொட்டு ஏறும், உச்சியில் வட்டம் விழும். பெண்களுக்கு முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்கும், நடுவகிடு அகலமாகும். ஆண் ஹார்மோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்ற பொருள் சில மயிர்க்கால்களைச் சுருக்கிச் சுருக்கி, தடித்த முடி முளைத்த இடத்தில் பூனைமுடி முளைக்கும்படி செய்கிறது. பின்னந்தலை முடிக்கு இந்தப் பாதிப்பு இல்லை. அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். 'தாய்மாமனுக்கு இருந்தால்தான் வரும்' என்பது சரியல்ல. இளம் பெண்ணுக்கு வகிடு அகலமாவதோடு மாதவிலக்கு தள்ளிப்போவது, தாடையில் முடி, அடங்காத பரு ஆகியவையும் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும்.

காசு அளவில் வட்டமாக, வழவழப்பாக ஓரிடம் மட்டும் வழுக்கையானால் அதுதான் புழுவெட்டு. பெயரில்தான் புழு. எந்தப் பூச்சியும் வெட்டுவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. பூண்டையும் மிளகையும் அரைத்து எரிய எரியத் தேய்ப்பது நம் பக்கம் வழக்கம். பூண்டு தோலைக் கொப்பளிக்க வைக்கும். அந்தப் புண் ஆழமாகித் தழும்பானால், தானாக முளைத்திருக்க வேண்டிய முடியும் முளைக்காது. ஒன்றிரண்டு சிறு திட்டுகள் பலருக்கு ஓராண்டுக்குள் தாமாகவே நிரம்பிவிடும். நிரம்பாவிட்டால் தோல் மருத்துவர் திட்டுக்குள் 4-6 வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடுவார். தலை முழுக்கப் பரவிய கடுமையான நிலைக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ரத்தப் பரிசோதனைகளோடு நிபுணர் கண்காணிப்பில் மட்டும் எடுக்க வேண்டியது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செதில் செதிலாக, முடி ஒடிந்து, அரிப்போடு திட்டு வந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. கிரீம் போதாது. கிருமி மயிர்க்காலுக்குள் இருப்பதால் வாய்வழி மருந்து வாரக்கணக்கில் தேவை. சீப்பு, துண்டு, தலையணை தனியாக வையுங்கள்.

இழுப்பால் போவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை முழுக்கத் தடுக்கலாம். காலையில் ரெட்டைச் சடையை இறுக்கிப் பின்னி மடித்து ரிப்பன் கட்டிய பெண்பிள்ளைகளின் காதோரத்தைப் பாருங்கள், நெற்றியோரம் ஏறியிருக்கும். ஈரத்தலையில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் கனமான பூச்சரமும் வைத்தால் இழுப்பு இரட்டிப்பு. பூ வைப்பதை விட வேண்டாம். சரத்தைச் சடையின் நடுவில், ஊசியைப் பல இடத்தில் பிரித்துக் குத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் சடையை அவிழ்த்துவிடுங்கள். பின்னிய பிறகு தலை வலித்தால், பொட்டோரத்தில் சிறு கொப்புளம் வந்தால் இறுக்கம் அதிகம். ஆரம்பத்திலேயே தளர்த்தினால் முடி திரும்பும், பல ஆண்டு இழுத்த பிறகு திரும்பாது.

கடைசியாக, தாமதிக்கவே கூடாத ஒன்று: திட்டில் தோல் பளபளவென்று இருந்து, முடித்துளைகளே தெரியாமல், எரிச்சலோ சீழோ இருந்தால் அது தழும்பு விழும் வகை. அங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு. தைலம் தேட நேரமில்லை.

மூன்றாம் படி: ரத்தமும் சோறும்

தலை முழுக்கக் கொட்டும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று விட்டுவிடக் கூடாது. ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பை அளக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே சேமிப்பு காலியாகிவிடும். 30-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு போதாது. காய்ச்சலோ வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் போலியாக உயர்ந்து காட்டும், அதனால் காய்ச்சல் விட்டுச் சில வாரம் கழித்து எடுங்கள். கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.எச்., தேவைப்பட்டால் வைட்டமின் டி, பி12. இவ்வளவு போதும். பெரிய 'முடிப் பரிசோதனைத் தொகுப்பு' வேண்டியதில்லை.

இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு காப்பி. ஏற்காட்டுத் தோட்டங்களில் சாப்பாட்டோடு வரக்காப்பி குடிப்பது அன்றாடப் பழக்கம். காப்பியும் டீயும் இரும்பைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பியும் டீயும் வேண்டாம். அதே ஏற்காட்டில் கிடைக்கும் ஆரஞ்சோ கொய்யாவோ, இல்லை எலுமிச்சைச் சாறோ மாத்திரையோடு சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. இரும்பு ஏன் குறைந்தது என்பதையும் கேளுங்கள். அதிக மாதவிலக்கு, மூலம், கொக்கிப்புழு இருந்தால் ஓட்டைப் பானையில் ஊற்றுவது போலத்தான்.

முடி முழுக்கப் புரதம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் புரதம் வேண்டும். நம்மூர்ச் சாப்பாட்டில் இது எளிதில் தவறும். சேலத்து ஜவ்வரிசியில் கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்துதான், புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம்கூட இல்லை. விரத நாளில் ஜவ்வரிசிக் கஞ்சியோடு நிறுத்துபவரும், மாலையில் தட்டுவடை செட்டைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வைப்பவரும் வயிறு நிறைந்தும் புரதத்தில் பட்டினிதான். பக்கத்து நாமக்கல் முட்டை இரண்டு 12 கிராம் தரும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம். 50 கிராம் கொள்ளை ஊறவைத்து வேகவைத்தால் சுமார் 11 கிராம். ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு தம்ளர் தயிர் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. பிரசவித்த வீட்டில் பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் ஒதுக்குவது தாயின் முடியைத்தான் முதலில் தின்னும்.

பயோட்டின் மாத்திரையை இப்போது மிட்டாய்போல வாங்குகிறார்கள். உண்மையான பயோட்டின் குறைபாடு அரிது. அதிக அளவு எடுத்தால் தைராய்டு, இதய நோய்க்கான ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்டும். எடுப்பவராக இருந்தால் ரத்தம் கொடுக்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: தண்ணீர், அரப்பு, எண்ணெய்

சேலத்துக்கும் ஏற்காட்டு அடிவாரத்துக்கும் நடுவே மேக்னசைட் வெட்டும் பகுதி இருக்கிறது. இப்படிப்பட்ட பாறையில் ஊறிவரும் போர்த் தண்ணீரில் மெக்னீசியமும் கால்சியமும் அதிகம். இதைத்தான் உப்புத் தண்ணீர் என்கிறோம். இந்தத் தண்ணீரால் வழுக்கை விழாது, வேருக்கு அது போவதில்லை. ஆனால் முடியின் மேல் உப்புப் படிந்து, சொரசொரப்பாகி, சிக்கு விழுந்து ஒடியும். குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் நிலைமை மோசம். சோப்பு இந்த உப்புகளோடு சேர்ந்து கரையாத பிசுக்காகி முடியில் ஒட்டிக்கொள்ளும்.

அரப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. உசிலை மரத்து இலையில் இயற்கையாக நுரை தரும் பொருள் இருக்கிறது, அது உப்புத் தண்ணீரிலும் பிசுக்காகாது. தூளை மெல்லிய துணியில் சலித்துவிடுங்கள். சலிக்காத திப்பி முடியில் மாட்டி, அதை எடுக்கத் தேய்த்தே முடி ஒடியும். தோள்வரை முடி உள்ளவருக்கு 3 மேசைக்கரண்டித் தூளை வெதுவெதுப்பான வடிகஞ்சியில் தோசைமாவுப் பதத்தில் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டுத் தேயுங்கள். கண்ணில் படக்கூடாது, கடுமையாக எரியும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மூன்று செம்பு காவிரித் தண்ணீரை ஒதுக்குங்கள். ஷாம்பு போடுபவருக்கும் இது பொருந்தும்.

எண்ணெய் பற்றி நேராகச் சொல்லிவிடலாம்: எந்த எண்ணெயும் வழுக்கையில் முடி முளைக்க வைக்காது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சியதும் அப்படித்தான். ஆனால் தேங்காய் எண்ணெய்க்கு ஓர் உண்மையான பயன் உண்டு. முடித்தண்டுக்குள் ஊறி, குளிக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் தடவி, அலசிவிடுவதே சரியான முறை. பொடுகு இருப்பவர்கள் தலைத்தோலில் எண்ணெயை இரவெல்லாம் ஊறவிடக் கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. டிசம்பர், ஜனவரி ஏற்காட்டுக் குளிரில் தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போட்டு, எண்ணெய்மேல் எண்ணெய் வைத்து, கம்பளிக் குல்லாவும் போட்டால் பொடுகு பெருகும். 2% கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, தலைத்தோலில் 3-5 நிமிடம் விட்டு அலசி, 2-4 வாரம் போடுங்கள். போட்டவுடன் அலசினால் பயனில்லை.

ஈர முடி ரப்பர்போல நீண்டு ஒடியும். அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். ஹெல்மெட் வழுக்கை தராது. அழுக்கு உறை அரிப்பு தரும், உள்ளே பருத்தித் துணி கட்டி அதைத் தினமும் துவைத்தால் போதும். மொட்டை போட்டால் அடர்த்தி கூடாது. மழித்த நுனி மொட்டையாக இருப்பதால் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவே.

ஐந்தாம் படி: மருந்து, அதை எப்படிப் போடுவது

பரம்பரை வழுக்கைக்கு வெளிப்பூச்சில் நிரூபணமானது மினாக்சிடில். முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்து, உடம்பில் முடி வளர்த்ததால் தலைக்கு வந்த மருந்து இது. ஆண்களுக்கு 5% திரவம், ஒரு முறைக்கு 1 மில்லி, நாளுக்கு இருமுறை. பெண்களுக்கு 2% இருமுறை, அல்லது 5% நுரை ஒருமுறை. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்குங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் போடக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

காய்ந்த தலையில், முடி மெலிந்த இடத்தில் வகிடு வகிடாகப் பிரித்து, சொட்டு தோலில் விழும்படி வையுங்கள். முடியில் விழுந்தால் வீண். விரல் நுனியால் பரப்பிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 4 மணி நேரம் தலை நனையக் கூடாது. தூங்குவதற்கு 2 மணி நேரம் முன்பே போட்டால் தலையணை வழியாக முகத்தில் பட்டு முடி முளைக்காது. வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை, சிறு துளியும் பூனைக்கு விஷம்.

பாதிப் பேர் கைவிடுவது இங்கேதான்: தொடங்கி 2 முதல் 8 வாரத்தில் உதிர்வு கூடும். ஓய்வில் இருந்த முடியைப் புது முடி தள்ளிக்கொண்டு வருகிறது. அப்போது நிறுத்தாதீர்கள். 4 மாதத்தில் முதல் அறிகுறி தெரியும், 12 மாதத்தில்தான் முடிவு சொல்லலாம். நிறுத்தினால் 3-6 மாதத்தில் பழைய நிலை வந்துவிடும். தொடர்ந்து போட முடியாது என்று தெரிந்தால் தொடங்காமலிருப்பதே நல்லது. அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் திரவத்திலுள்ள புரோப்பிலீன் கிளைக்கால் காரணம், நுரை வடிவுக்கு மாறலாம்.

ஆண்களுக்கு மருத்துவர் ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை தரலாம், டி.எச்.டி.-யைக் குறைப்பது இது. சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையும், மனச்சோர்வு வரலாம், வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். புராஸ்டேட் பரிசோதனையான பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் காட்டும். நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்ததானம் கூடாது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. கடையில் விற்கும் சில மினாக்சிடில் குப்பிகளில் ஃபினாஸ்டரைடும் கலந்திருக்கும். கணவருடையதை மனைவி எடுத்துப் போடும் முன் லேபிளைப் படியுங்கள்.

முடி நடுதல் என்பது பின்னந்தலை முடியை முன்னே மாற்றி நடுவது, புதிதாக உண்டாக்குவதல்ல. நட்ட முடி 2-4 வாரத்தில் விழுந்து, 3-4 மாதத்தில் முளைத்து, ஓராண்டில் நிறைவடையும். இருபதுகளின் தொடக்கத்தில் அவசரப்பட்டால், பின்னால் வழுக்கை விரியும்போது நட்ட முடி தீவுபோலத் தனியாக நிற்கும். பயிற்சி பெற்ற மருத்துவரே செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வெட்டுவதும் நடுவதும் யார் என்று பணம் கட்டும் முன் பெயரோடு கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும் நாள்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவர்கள் ஒரே நடையில் வேலை முடியும்படி தயாராக வாருங்கள். அன்று தலையில் எண்ணெய், சாயம் எதுவும் வேண்டாம், தோல் தெரிய வேண்டும். போவதற்கு முந்தின நாளிலிருந்து தலைக்குக் குளிக்காதீர்கள். மருத்துவர் 50 முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பார், குளித்திருந்தால் விழ வேண்டியது முன்பே விழுந்து கணக்கு பொய்யாகும். எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பழைய ரத்த ரிப்போர்ட்டுகள், மாதாமாதம் எடுத்த போட்டோக்கள், ஒரு துண்டுச் சீட்டு எல்லாம் கொண்டு வாருங்கள். அந்தச் சீட்டில் உதிர்வு தொடங்கிய மாதத்தை எழுதுங்கள், அதற்கு மூன்று மாதம் முன் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள்.